இறக்கத்தில் லைட் செத்துவிட்டது. அடுத்து வாங்குவது பேட்டரியா, டைனமோவா?

ஆயர்ஈத்தாம்_தம்பி | ஞாயிறு, மதியம் 1.20

எல்லாருக்கும் வணக்கம். இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். ஐந்தே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நம் பினாங்குத் தீவில் தஞ்சோங் புங்கா, பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் என்று போய், அணைக்கட்டைத் தாண்டி தித்தி கெராவாங் மலைப் பாதையில் ஏறி பாலிக் புலாவில் இறங்குவது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். இன்று ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கிய இரண்டாவது வளைவில் முன் லைட் அணைந்துவிட்டது. மங்கவில்லை, சிமிட்டவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டது. இரண்டு பக்கமும் மரம், தெரு விளக்கு கிடையாது, சாலையின் வெள்ளைக் கோடுகூடத் தெரியவில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்து, காலைத் தரையில் தேய்த்து, எப்படியோ ஓரத்தில் நின்றேன். பின்னால் லோரி எதுவும் வரவில்லை.

லைட் மூன்று வருடத்துக்கு முன் ஆன்லைனில் வாங்கியது. பெட்டியில் 1200 லூமன் வெளிச்சம், 4 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஊருக்குள் நடுத்தர வெளிச்சத்தில்தான் வைத்திருந்தேன், அணைக்கட்டு தாண்டிய பிறகுதான் முழு வெளிச்சம், அதில் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. முந்தின ராத்திரி பச்சை விளக்கு வரும் வரை சார்ஜ் போட்டேன். எனக்குப் புரியாதது என்னவென்றால், வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினால் கம்மி வெளிச்சத்தில் எரிகிறது, அரை மணி நேரமாக இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. முழு வெளிச்சத்துக்கு மாற்றினால் உடனே செத்துவிடுகிறது.

2000 லூமன் லைட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா? இல்லை, அப்பா சைக்கிளில் டயரில் உரசுகிற டைனமோ இருக்குமே, அந்த மாதிரி இப்போதும் போடலாமா?


ஈயப்பற்று | ஞாயிறு, மதியம் 2.05

தம்பி, விழாமல் வந்து சேர்ந்தாயே, அதுவே பெரிது. 2000 லூமனை இப்போது வாங்காதே.

பெட்டியில் இருக்கிற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார். நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 லூமனுக்கு மேலேயே தரும், ஆனால் லென்ஸ், சூடு, சர்க்யூட் என்று கொஞ்சம் போய்விடும், அதனால் கணக்குக்கு 100 என்றே வைத்துக்கொள்ளலாம். 1200 லூமனுக்கு 12 வாட். நான்கு மணி நேரம் எரிய 48 வாட்-மணி வேண்டும். உன் லைட் கையில் பிடிக்கிற டார்ச் லைட் தடிமன்தானே? அப்படியானால் உள்ளே இருப்பது ஒரே ஒரு 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர். அந்த அளவில் கிடைக்கிற உயர்ந்த செல்லே சுமார் 3500 மில்லி ஆம்பியர்-மணிதான். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. 48 எங்கே, 12.6 எங்கே! புதிதாக இருந்த அன்றே முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்தான் வந்திருக்கும். 1200 என்பது முழு வெளிச்சத்தின் எண், 4 மணி நேரம் என்பது கம்மி வெளிச்சத்தின் எண், இரண்டையும் ஒரே வரியில் அச்சடித்துவிடுகிறார்கள், வாங்குகிறவன் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நம்புகிறான். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் இதை நம்பித்தான் ஆட்கள் காட்டுப் பாதையில் இறங்குகிறார்கள்.

சரி, ஏன் மங்காமல் ஒரேயடியாக அணைந்தது? பழைய டார்ச் லைட்டில் பேட்டரி தீரத் தீர பல்ப் மஞ்சளாகி மங்கும், அதுவே நமக்கு எச்சரிக்கை. இப்போதைய லைட்டுக்குள் ஒரு சர்க்யூட் இருக்கிறது, செல்லின் வோல்ட் 4.2-இலிருந்து இறங்கிக்கொண்டே போனாலும் வெளிச்சத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும். மூன்று வோல்ட்டுக்குக் கீழே எங்கேயோ வந்ததும் செல் கெட்டுப்போகக் கூடாது என்று பாதுகாப்பு சர்க்யூட் தொடர்பை வெட்டிவிடும். செல்லைக் காப்பாற்றுகிற வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, நீ இறக்கத்தில் இருக்கிறாய் என்பது அதற்குத் தெரியாது.

கம்மி வெளிச்சத்தில் ஏன் எரிகிறது என்று கேட்டாயே, அதுதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. செல் வயதாக ஆக அதன் உள் மின்தடை ஏறும். 12 வாட் என்றால் செல்லிலிருந்து மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கிறாய். உள் மின்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள், அரை வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். வெளியே சர்க்யூட்டுக்குத் தெரிவது செத்த செல்லின் வோல்ட் மாதிரி இருக்கும், உடனே வெட்டிவிடுகிறது. ஒரு வாட் மட்டும் இழுத்தால் விழுவது மிகக் கொஞ்சம், அதனால் எரிகிறது. உள்ளே மின்சாரம் இருக்கிறது, வேகமாகக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், லைட்டைக் கார் பூட்டில், அதாவது பின்னால் சாமான் வைக்கிற இடத்தில், வைத்திருப்பாயா?


ஆயர்ஈத்தாம்_தம்பி | ஞாயிறு, மதியம் 2.30

ஆமாம் அண்ணே, மூன்று வருடமும் பூட்டில்தான் கிடக்கிறது. சார்ஜ் முழுசாகப் போட்டுத்தான் வைப்பேன்.


ஈயப்பற்று | ஞாயிறு, மதியம் 2.41

அதுதான். முழு சார்ஜ், வெயிலில் நிற்கிற கார், இரண்டும் சேர்ந்தால் லித்தியம் செல்லுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. வீட்டுக்குள் நிழலில் வை, ஒரு வாரத்துக்கு எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வை, முதல் நாள் ராத்திரி நிரப்பிக்கொள்.


பழைய_ராலி | ஞாயிறு, மாலை 6.45

தம்பி டைனமோவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு 71 வயது. நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், பிறகு பட்டர்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேல் சைக்கிள் பழுது பார்த்தேன்.

எங்கள் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்விட வேண்டும். அம்மா நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவப் போவார். கீழ் டப்பாவில் கல் மாதிரி கால்சியம் கார்பைட், மேல் டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், அசிட்டிலீன் வாயு வரும், பற்ற வைத்தால் வெள்ளையாக எரியும், ஒரு நாற்றம் அடிக்கும், இன்றைக்கும் அந்த நாற்றம் எனக்கு நினைவில் இருக்கிறது. சைக்கிளுக்கும் எண்ணெய் விளக்குக்குப் பிறகு வந்தது இதே அசிட்டிலீன் விளக்குதான், 1890-களின் கடைசியில். தண்ணீர் சொட்டுவதைக் கூட்டினால் வெளிச்சம் கூடும், கல் சீக்கிரம் தீரும். ஈயப்பற்று தம்பி சொன்ன அதே கணக்கு.

டயரில் உரசும் டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்ப் 2.4 வாட், பின் பல்ப் 0.6 வாட், கூட்டினால் சரியாக மூன்று. பின் பல்ப் எரிந்துபோனால் அதன் பங்கும் முன் பல்புக்குப் போய், கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும். கடைக்கு வருகிறவர்கள் முன் பல்ப் அடிக்கடி போகிறது என்பார்கள், நான் முதலில் பின்னால்தான் போய்ப் பார்ப்பேன்.

இரண்டு இடத்தில் ஆட்கள் தப்பு செய்வார்கள். ஒன்று, டைனமோவை மாட்டும் கோணம். அதன் அச்சிலிருந்து ஒரு நேர்க்கோடு இழுத்தால் அது சக்கரத்தின் நடு அச்சைத் தொட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உருளை டயரைத் தின்னும், சத்தம் போடும், மிதிக்கவும் கனக்கும். இரண்டாவது, ஒயர். டைனமோவிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும், திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமே. அதனால் டைனமோவைப் பிடிக்கும் கிளாம்பில் ஒரு கூர் ஸ்க்ரூ இருக்கும், அது பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு இரும்பைத் தொட வேண்டும். துரு ஏறினாலோ, ஆசையாகச் சைக்கிளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாலோ, லைட் எரியாது. டைனமோ கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்ட எத்தனையோ டைனமோக்கள் நன்றாக இருந்தவை.

அதன் குறை மழை. டயர் நனைந்தால் உருளை வழுக்கும், வெளிச்சம் வேண்டிய நேரத்தில் போய்விடும்.


ஷிஃப்ட்_முடிந்து | ஞாயிறு, இரவு 9.15

நான் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் ஆலைக்குச் சைக்கிளில் போகிறவள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கடலோரப் பாதையில் திரும்பும்போது எதிரே 1000, 2000 லூமனோடு வருகிறவர்களால் எனக்குக் கண்ணே தெரிவதில்லை. போன மாதம் ஒருவரின் லைட் முகத்தில் அடித்து, நடந்து போன ஒரு பாட்டியை நான் கடைசி நொடியில்தான் பார்த்தேன். தம்பி, உங்களுக்கு வெளிச்சம் போதவில்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை, அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதும் பிரச்சினை.

லூமன் என்பது லைட்டிலிருந்து மொத்தமாகக் கொட்டுகிற வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் வந்து விழுகிற வெளிச்சம். டார்ச் லைட் மாதிரி வட்டமாக அடிக்கிற லைட்டில் பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது. ஜெர்மனியில் கார் ஹெட்லைட் மாதிரி மேல் பகுதியை வெட்டிய வெளிச்சம்தான் சைக்கிளுக்கும் சட்டம், அதை அங்கே பத்து மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று அளக்கிறார்கள், தேறிய லைட்டில் ஒரு அலைக்கோடும் கே எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் ஓட்டுகிறேன், மூன்று வாட்கூட இழுக்காது, எனக்குச் சாலையில் குழி தெரிகிறது, எதிரே வருகிறவர் கையை முகத்துக்கு நேரே தூக்குவதில்லை.


ஈயப்பற்று | ஞாயிறு, இரவு 9.40

அக்கா சொல்வது முழுக்கச் சரி. வெளிச்சத்தை வீணாக்காமல் சாலையில் போட்டால் வாட் குறையும், வாட் பாதியானால் அதே செல் இரண்டு மடங்கு நேரம் ஓடும். நம் பாயான் லெப்பாசிலேயே ஓஸ்ராம், லூமிலெட்ஸ் ஆலைகள் எல்இடி தொழிலில் இருக்கின்றன, நம் ஊர் ஆட்கள் எத்தனை பேர் அதில் வேலை பார்க்கிறார்கள், ஆனால் கடையில் நிற்கும்போது நாமும் லூமன் எண்ணை மட்டும்தான் பார்க்கிறோம்.


மெதுவா_போறேன் | திங்கள், காலை 7.50

ராலி ஐயா டயர் டைனமோவின் குறையைச் சொன்னார். அந்தக் குறை இல்லாத டைனமோ முன் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே, அதாவது ஸ்போக் எல்லாம் வந்து சேர்கிற நடுப்பகுதிக்குள்ளேயே, இருக்கிறது. நான் ஆறு வருடமாக ஓட்டுகிறேன், பட்டர்வொர்த்திலிருந்து பெர்லிஸ் வரை போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் லைட்டுக்குச் சார்ஜ் போட்டதில்லை.

உள்ளே அச்சோடு அசையாமல் ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஹப்போடு சுழல்கிற காந்த வளையம். என் ஹப்பில் 28 துருவம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மின்சாரம் 28 தடவை திசை மாறும். மிக மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் லைட் துடிப்பது கண்ணுக்கே தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேகம் கூடினால் வோல்ட் கூடும், அப்படியானால் இறக்கத்தில் லைட் வெடிக்க வேண்டாமா? வெடிக்காது. வேகம் கூடக்கூட அந்தக் கம்பிச் சுருளே மாறுமின்சாரத்தைத் தடுப்பதும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்ட, மின்னோட்டம் அரை ஆம்பியர் பக்கத்திலேயே நின்றுவிடும். எல்இடிக்கு வேண்டியதும் மாறாத மின்னோட்டம்தான்.

சிக்னலில் நின்றால் அணைந்துவிடுமே என்பார்கள். லைட்டுக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறது, நின்ற பிறகும் சில நிமிடம் சின்ன வெளிச்சம் எரியும்.


ஆயர்ஈத்தாம்_தம்பி | திங்கள், மதியம் 12.40

மெதுவா அண்ணே, மிதிக்கும்போது கனக்காதா? தித்தி கெராவாங் ஏற்றத்தில் எனக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும்.


மெதுவா_போறேன் | திங்கள், மதியம் 1.15

லைட் எரியும்போது ஐந்து, ஆறு வாட் உன் காலிலிருந்து போகும், அணைத்து வைத்தால் நல்ல ஹப்பில் சுமார் ஒரு வாட். சமதரையில் சாதாரணமாக மிதிக்கும்போதே 80, 100 வாட் கொடுக்கிறாய், ஏற்றத்தில் அதைவிட அதிகம். எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை. டயர் டைனமோவைத் தட்டி விட்டதும் சைக்கிள் இழுக்குமே, அந்த மாதிரி இருக்காது.


ஈயப்பற்று | திங்கள், இரவு 8.30

இங்கே நான் கொஞ்சம் மறுக்கிறேன். ஹப் டைனமோ அருமையான பொருள்தான், ஆனால் தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவன். ஹப் போட வேண்டும் என்றால் முன் சக்கரத்தையே அவிழ்த்து, புது ஸ்போக் போட்டுக் கட்ட வேண்டும், அதற்கேற்ற லைட் தனியாக. அவன் ஏற்றத்தில் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது வெளிச்சமும் குறைவாகத்தான் இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய செல் உள்ள லைட்டும் பையில் ஒரு உபரி செல்லும் இருந்தால் அவன் வேலை முடிந்தது. ஷிஃப்ட் அக்கா மாதிரி தினமும் ஓட்டுகிறவர்களுக்கு ஹப் சரி.


மெதுவா_போறேன் | திங்கள், இரவு 9.05

சார்ஜ் போட மறந்தால் உபரி செல்லும் காலிதானே? நான் மறக்கிறவன், அதனால்தான் ஹப்புக்கு வந்தேன். ஜெர்மனியில் 2013 வரை பந்தய சைக்கிள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டைனமோ கட்டாயம், காரணமே இதுதான், விளக்கு மனிதனின் ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது. அந்த வருடம்தான் பேட்டரி லைட்டையும் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள்.


ஷிஃப்ட்_முடிந்து | திங்கள், இரவு 10.20

தினமும் ஓட்டுகிறேன் என்றாலும் நான் பேட்டரிதான். சைக்கிளை வெளியில் பூட்டி வைக்கிற இடத்தில் விலை கூடிய சக்கரம் போட எனக்கு மனம் வரவில்லை. லைட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வேன்.

ஆனால் மறப்பதைப் பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் ஒடென்ஸ் ஊரில் 2004 நவம்பரிலிருந்து ஒரு வருடம் 3,845 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஸ்போக்கில் காந்தம் மாட்டி, பகலிலும் தானாகவே எரிகிற லைட் ஒரு பாதிப் பேருக்கு, மறு பாதிக்கு இல்லை. எரிகிறவர்களுக்குக் காயம்பட்ட விபத்து 19 விழுக்காடு குறைவு. பகலில்கூட! அதனால் என் பின் லைட்டை நான் பகல் ஷிஃப்டுக்கும் போட்டுவிடுகிறேன்.

தம்பி, எல்லாரும் முன் லைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பின் லைட்?


ஆயர்ஈத்தாம்_தம்பி | செவ்வாய், காலை 8.10

பட்டன் செல் போடுகிற சின்னது ஒன்று, மினுக் மினுக் என்று சிமிட்டும்.


ஈயப்பற்று | செவ்வாய், மதியம் 12.55

அது 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், மூன்று வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. வாட்-மணியில் ஒன்றுகூடத் தேறாது. சிமிட்டும்போது பாதி நேரம் அணைந்திருப்பதால் நாள் கணக்கில் ஓடுகிற மாதிரி தெரியும், ஆனால் அதுவும் மங்கிக்கொண்டே போகும், பின்னால் இருப்பதால் உன் கண்ணில் படாது. ஏஏஏ அளவு பேட்டரி இரண்டு போடுகிற பின் லைட் வாங்கு, அதில் எனிலூப் மாதிரி ரீசார்ஜ் செய்கிறதைப் போடு. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், 1.5 இல்லை, ஆனால் சிவப்பு எல்இடிக்கு இரண்டு வோல்ட் பக்கத்தில் போதும், தாராளமாக எரியும். மழைக்கு, தண்ணீர் தாங்குவதைக் காட்டும் ஐபிஎக்ஸ் 4 எண்ணாவது இருக்கட்டும், எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி இறுகப் பொருந்தாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

சிமிட்டலைப் பொறுத்தவரை, பகலில் சிமிட்டட்டும், இருட்டில் நிலையாக எரியட்டும். இருட்டில் சிமிட்டுகிற ஒற்றைப் புள்ளியை வைத்துப் பின்னால் வருகிறவருக்கு நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று சொல்ல முடியாது.


பழைய_ராலி | செவ்வாய், இரவு 7.30

காலையில் இருட்டு என்று எல்லாரும் சொல்கிறீர்கள். 1982 ஜனவரி முதல் தேதியில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதிலிருந்து நம் பக்கம் ஏழு மணிக்கு முன் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். அந்த அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் சைக்கிளில் போனார்கள். என் கடைக்கு வந்த பிள்ளைகளின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, சிவப்பு ரிஃப்ளெக்டர் வைத்து அனுப்புவேன். ரிஃப்ளெக்டருக்கு மின்சாரமே வேண்டாம், தம்பி அதையும் கழற்றிவிடாதே.

என்னிடம் இன்னும் இரண்டு டயர் டைனமோ இருக்கிறது. உன் அப்பாவின் சைக்கிள் வீட்டில் இருந்தால் வந்து ஒன்றை எடுத்துக்கொள், காசு வேண்டாம்.


ஆயர்ஈத்தாம்_தம்பி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.00

என்ன ஆனது என்று சொல்ல வந்தேன். மேல் வெளிச்சம் வெட்டிய 600 லூமன் லைட் வாங்கினேன், செல் கழற்றலாம், 3500 செல் இரண்டு. ஒரு கடையில் அதே அளவில் 9900 என்று எழுதிய செல்லைப் பாதி விலைக்குக் காட்டினார்கள், ஈயப்பற்று அண்ணன் கணக்கு ஞாபகம் வந்தது, தொடவில்லை. வீட்டில் ஃபேனுக்கு முன்னால் வைத்து, முழு வெளிச்சத்தில் அணையும் வரை எரியவிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன், ஒரு மணி ஐம்பது நிமிடம். பாதி வெளிச்சத்தில் மூன்று மணி நாற்பது. இன்று காலை இறக்கத்தில் முழுசாக, மற்ற இடத்தில் பாதி. பாலிக் புலாவ் போய்ச் சேர்ந்தபோதும் பச்சை விளக்குதான். பழைய லைட்டைக் கம்மி வெளிச்சத்தில் ஹேண்டில்பாரில் உபரியாக வைத்திருக்கிறேன். கார் பூட்டில் எதுவும் இல்லை.

ராலி ஐயா வீட்டுக்கு நேற்று ஃபெர்ரியில் போய் வந்தேன். டைனமோவை அப்பா சைக்கிளில் மாட்டிவிட்டேன் ஐயா, கோணமும் நீங்கள் சொன்ன மாதிரி நூல் பிடித்துப் பார்த்தேன். ஆனால் எரியவில்லை.


பழைய_ராலி | ஞாயிறு, மாலை 5.10

கிளாம்ப் உட்காருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினாயா?


ஆயர்ஈத்தாம்_தம்பி | ஞாயிறு, மாலை 5.35

இப்போதுதான் சுரண்டினேன். எரிகிறது ஐயா. அப்பா வாசலில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நிற்கிறார்.